முழங்கால் ஜவ்வு கிழிந்த நாய்க்கு அறுவை சிகிச்சை அவசியமா?

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார் ஜூலிக்கு ஆறு வயது, எடை 37 கிலோ. மூன்று வாரங்களுக்கு முன் கொல்லைப்புறத்தில் பூனையைத் துரத்திக்கொண்டு ஓடியவள் திடீரென்று கத்திவிட்டு இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தக் காலை நுனி விரலால் மட்டும் ஊன்றுகிறாள். இங்குள்ள மருத்துவர் முட்டியை அசைத்துப் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்திருப்பதாகத் தெரிகிறது, எக்ஸ்ரே எடுத்தபின் அறுவை சிகிச்சை பற்றி முடிவு செய்யலாம் என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் செலவை ஏற்கத் தயாராக இருக்கிறான். என் கணவரோ, தானாகவே ஆறாதா, எதற்காக அதை அறுக்க வேண்டும் என்கிறார். உறவினர்கள், ஒரு நாய்க்குப் போய் லட்ச ரூபாயா என்கிறார்கள். பக்கத்து வீட்டார் சொன்னபடி உளுந்து மாவில் முட்டையைக் குழைத்துப் பற்றுப் போட்டுத் துணி சுற்றினேன், பயனில்லை. வலியைப் பார்க்கப் பொறுக்காமல் என் மூட்டுவலி மாத்திரையில் பாதியை இரண்டு நாள் கொடுத்தேன். சில மாதங்களாகவே காலையில் எழுந்ததும் நாலடி நொண்டிவிட்டுப் பிறகு சரியாகிவிடுவாள். வயதாகிறது என்று விட்டுவிட்டோம். அன்று கொல்லைக் கதவைத் திறந்துவிட்டது நான்தான். இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள அம்மா,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்கு எழுதிக் கொடுக்கும் மூட்டுவலி மாத்திரைகளை ஜூலிக்கு இனி ஒரு துணுக்குகூடக் கொடுக்காதீர்கள். நம் ஊரில் மூட்டுவலிக்குப் பெரும்பாலும் தரப்படுவது அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் ஆகியவற்றில் ஒன்று. பல மாத்திரைகளில் அதனுடன் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். இவை நாயின் வயிற்றில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். டைக்ளோஃபெனாக் 2006-இலும், அசெக்ளோஃபெனாக் 2023-இலும் இந்தியாவில் விலங்குகளுக்குப் பயன்படுத்தத் தடை செய்யப்பட்டவை. இறந்த கால்நடைகளைத் தின்னும் பாறு கழுகுகளைக் காப்பதற்காக வந்த தடை அது. ஆனால் நாயைப் பொறுத்தவரை அந்தக் காரணம் இல்லாவிட்டாலும் அவை ஆகாதவைதான். கொடுத்தது இரண்டு அரை மாத்திரைகள் என்பதால் பதற வேண்டாம். வாந்தி, சாப்பிட மறுத்தல், தார்போல் கறுத்த மலம், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தல் ஆகியவற்றில் எதையாவது கவனித்திருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எதுவும் இல்லையென்றாலும் எந்த மாத்திரை, எந்த நாளில் கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் அடுத்து அவர் எழுதப்போகும் வலி மருந்தை எப்போது தொடங்கலாம் என்பது அதைப் பொறுத்தது. நாய்களுக்கென்று மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப் போன்ற மருந்துகள் உள்ளன. அவற்றையும் எடைக்கேற்ற அளவில், வயிற்றில் உணவு இருக்கும்போது, மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டுமே தர வேண்டும். ஜூலிக்கு யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்களா என்பதையும் கேட்டறியுங்கள். ஸ்டீராய்டும் இந்த மருந்துகளும் ஒரே சமயத்தில் உடலில் இருந்தால் குடலில் புண் ஏற்படும் ஆபத்து பல மடங்காகிறது.

அடுத்தது, கொல்லைக் கதவு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, காலையில் எழுந்ததும் நாலடி நொண்டுவாள் என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிதான். கால்பந்து ஆடும் இளைஞருக்கு ஒரு நொடியில் அறுந்துபோகும் அதே ஜவ்வு, நாய்களில் பெரும்பாலும் அப்படி ஒரே நாளில் அறுவதில்லை. முன் சிலுவை லிகமென்ட் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் அந்த ஜவ்வு மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில், இழை இழையாக நைந்துகொண்டே வருகிறது. ஓய்வெடுத்து எழும்போது நொண்டுவதும், சற்று நடந்தபின் சரியாவதும், உட்காரும்போது அந்த ஒரு காலை மட்டும் மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொள்வதும் அந்த நைவின் அடையாளங்கள். பூனையைத் துரத்திய அன்று அறுந்தது ஏற்கெனவே மெலிந்துபோயிருந்த மிச்ச இழைகள். அன்று கதவு மூடியிருந்தால், இன்னொரு நாள் சோபாவிலிருந்து இறங்கும்போது அது நடந்திருக்கும். லாப்ரடார், ராட்வைலர் போன்ற இனங்களில் இது அதிகம். உடல் பருமன் அதை விரைவுபடுத்துகிறது. கதவைத் திறந்த குற்றத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை அம்மா.

இந்த ஜவ்வு செய்யும் வேலை என்ன என்பது புரிந்தால், உங்கள் கணவரின் கேள்விக்கு விடை எளிதாகும். நாயின் பின்னங்கால் எப்போதும் சற்று மடங்கியே நிற்கிறது. கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்போ சமமாக இல்லாமல், பின்பக்கம் ஏறக்குறைய 25 பாகை சரிந்திருக்கிறது. மேலே அமர்ந்திருக்கும் தொடை எலும்பு ஒவ்வொரு அடியிலும் அந்தச் சரிவில் பின்னோக்கி வழுக்கப் பார்க்கிறது. சரிவான பாதையில் நிறுத்திய வண்டியைக் கயிறு இழுத்துப் பிடித்திருப்பதுபோல அதைப் பிடித்து நிறுத்துவது இந்த ஜவ்வு. கயிறு அறுந்தால் ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் வண்டி வழுக்குகிறது. அந்த வழுக்கலுக்கு நடுவே சிக்கி நசுங்குவது, இரு எலும்புகளுக்கும் இடையில் மெத்தைபோல் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு. அதற்கு மெனிஸ்கஸ் என்று பெயர். நடக்கும்போது முட்டியில் ‘டக்’ என்று ஓசை கேட்டால் அது கிழிந்திருக்கலாம். ஜூலி மூன்று வாரமாகியும் நுனி விரலால் மட்டுமே ஊன்றுகிறாள் என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது.

அறுந்த ஜவ்வு தானாக ஒட்டிக்கொள்வதில்லை. உடல் வேறொன்றைச் செய்கிறது: மூட்டைச் சுற்றி, குறிப்பாக முட்டியின் உட்புறத்தில், தடித்த நார்த்திசுவை வளர்த்து மூட்டை இறுக்கிவிடுகிறது. ஜூலியை நிற்க வைத்து, பின்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் இரண்டு முட்டிகளையும் ஒரே நேரத்தில் தடவிப் பாருங்கள். வலது முட்டியில் தோலுக்கு அடியில் எலும்பின் விளிம்பு கூராகத் தட்டுப்படும். இடது முட்டியின் உட்பக்கம் அந்த விளிம்பு தெரியாமல் கெட்டியாக, மொத்தையாக இருந்தால், நோய் மூன்று வாரத்துக்கு முந்தியது என்று விரல்களே சொல்லிவிடும். தொடையையும் ஒப்பிடுங்கள், இடது தொடை கையில் மெலிவாகத் தட்டுப்படும்.

எடை குறைந்த நாய்களுக்கு இந்த இயற்கையான இறுக்கம் பல சமயம் போதுமானதாக இருக்கிறது. 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சை இல்லாமல் விடப்பட்ட நாய்களில் 15 கிலோவுக்கு உட்பட்டவற்றில் ஏழில் ஆறு பங்கு நன்றாக அல்லது ஓரளவு நன்றாக நடந்தன. அந்த எடைக்கு மேற்பட்டவற்றிலோ ஐந்தில் ஒன்றுதான் அந்த நிலையை எட்டியது. உங்கள் வீட்டில் இருப்பது பொமரேனியனாக இருந்திருந்தால், உங்கள் கணவர் சொல்வதையே முதலில் முயன்று பார்ப்போம் என்று நானும் எழுதியிருப்பேன். 37 கிலோ எடையுள்ள ஜூலிக்கு அதைச் சொல்ல முடியவில்லை. எக்ஸ்ரேயும் மற்ற சோதனைகளும் இதே நோயை உறுதி செய்தால், அவளுக்கு அறுவை சிகிச்சை செய்வதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அதற்குப் பின் வரும் எட்டுப் பத்து வாரங்கள் அவளை அடக்கி வைத்துக் கவனிக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அவளுடைய எடையைக் குறைக்க எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் நடக்காது என்றால், எவ்வளவு திறமையான மருத்துவர் செய்தாலும் அறுவை சிகிச்சை பாதிப் பலனைத்தான் தரும்.

முதலில் நோய் இதுதான் என்பது உறுதியாக வேண்டும். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது; ஆகவே ‘படத்தில் கிழிசல் தெரிகிறதா’ என்று கேட்பதில் பயனில்லை. மூட்டுக்குள் நீர் கோத்திருப்பதும், எலும்பு விளிம்புகளில் தேய்மானத்தின் முளைகள் தோன்றியிருப்பதும் படத்தில் தெரியும். அதைவிட முக்கியமாக, பெரிய இன நாய்களுக்கு முட்டியை ஒட்டிய எலும்பில் வரக்கூடிய புற்றுநோய் இல்லை என்பதையும், இடுப்பு மூட்டில் கோளாறு இருக்கிறதா என்பதையும் அது காட்டும். ஜவ்வின் நிலையைச் சொல்வது மருத்துவரின் கைதான். தொடை எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னோக்கித் தள்ளும்போது அது மேசை இழுப்பறைபோல் நகர்ந்தால் ஜவ்வு அறுந்திருக்கிறது. பயந்த நாய் தசைகளை விறைத்துக்கொள்வதால் விழித்த நிலையில் இது பிடிபடாமல் போகலாம். எக்ஸ்ரேக்காக லேசான மயக்கம் தரும்போது அதே சோதனையை மறுபடி செய்யும்படி கேளுங்கள்.

நம் பகுதியில் இன்னொரு சோதனையை விட்டுவிடக் கூடாது. உண்ணிக் காய்ச்சல், குறிப்பாக எர்லிக்கியா என்ற கிருமியால் வருவது, மூட்டுவலியையும் நொண்டுதலையும் உண்டாக்கும். இரத்தத் தட்டணுக்களையும் குறைக்கும். தட்டணு குறைந்த நாயை அறுவை மேசையில் படுக்க வைத்தால் இரத்தம் உறையாமல் தொல்லை தரும். ஜூலியின் காது மடலின் உட்புறத்திலும் விரலிடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி கண்ணில் படாவிட்டாலும் முழு இரத்த அணுச் சோதனை, எர்லிக்கியா சோதனை, கல்லீரல் சிறுநீரகச் சோதனைகள் ஆகியவை முடிந்த பிறகே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்று நீங்கள் கவலைப்படலாம். இருக்கிறது. இது ஒரு மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய அவசரமில்லை. இரண்டு மூன்று வாரங்கள் சோதனைகளுக்கும் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதற்கும் ஒதுக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் மூட்டுத் தேய்மானம் கூடும், தொடைத் தசை கரையும். அதுவரை பற்றும் வேண்டாம், கட்டும் வேண்டாம். எலும்பு முறிவுக்குப் போடும் மூங்கில் பத்தைக் கட்டு இந்த மூட்டைப் பிடித்து நிறுத்தாது. தொடையின் கூம்பு வடிவத்தால் அது கீழே சரிந்து, இறுக்கத்தில் பாதம் வீங்கி, தோல் அழுகிப்போன நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறுவை முறைகள் பல உண்டு. உங்களிடம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். முதலாவது, மூட்டுக்கு வெளியே பக்கவாட்டில் உறுதியான நைலான் இழையைக் கட்டி, உடல் தன் நார்த்திசுவை வளர்க்கும் வரை அந்த இழை மூட்டைப் பிடித்திருக்கும்படி செய்வது. செலவு குறைவு, எலும்பை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் கனத்த, துள்ளும் நாய்களில் இழை தளர்ந்துவிடக்கூடும். இரண்டாவது, டிபிஎல்ஓ. பார்க்லே ஸ்லோக்கம் என்ற அமெரிக்கக் கால்நடை அறுவை மருத்துவர் 1993-இல் வெளியிட்ட முறை இது. இதில் அறுந்த கயிற்றுக்கு மாற்றுக் கயிறு தேடுவதில்லை, சரிவையே மாற்றிவிடுகிறார்கள்: கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வளைவாக வெட்டி, சரிவு ஏறக்குறைய 5 பாகையாகும்படி சுழற்றி, உலோகத் தகடும் திருகாணிகளும் வைத்துப் பொருத்துகிறார்கள். சமதளத்தில் நிற்கும் வண்டிக்குக் கயிறு தேவையில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் உருவான டிடிஏ என்ற மூன்றாவது முறையும் எலும்பை வெட்டிச் செய்வதுதான். ஜூலியின் எடைக்கு நான் டிபிஎல்ஓவைத் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அதை வழக்கமாகச் செய்யும் கைகள் கிடைத்தால் மட்டுமே. எலும்பை வெட்டும் கோணம் தவறினால் சரிசெய்வது கடினம். டிபிஎல்ஓவில் பழக்கமில்லாத ஒருவரைவிட, நைலான் இழை முறையை நன்கு கற்றுத் தேர்ந்த ஒருவரிடம் ஜூலியை ஒப்படைப்பது மேல். எந்த முறையானாலும் மூட்டைத் திறந்தோ கருவி நுழைத்தோ மெனிஸ்கஸைப் பார்த்து, கிழிந்த பகுதி இருந்தால் அகற்ற வேண்டும். வலியின் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது.

திருச்சியிலிருந்து நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன; சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட கல்லூரியும் இருக்கிறது. மூன்றும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அவற்றின் மருத்துவமனைகளில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. பெரிய நாய்க்கு எந்த அறுவை முறையைச் செய்கிறார்கள், தகடும் திருகாணிகளும் நாமே வாங்கித் தர வேண்டுமா, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதைப் போவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். தனியார் மருத்துவமனை என்றால், மகனிடம் சொல்லி மொத்தச் செலவையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்: மயக்க மருந்து, தகடு, மறு எக்ஸ்ரே, தையல் பிரித்தல் எல்லாம் அதில் அடங்குமா, புண்ணில் சீழ் பிடித்தால் ஆகும் செலவு யாருடையது என்பவை உட்பட. மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள், இந்த அறுவையை இதுவரை எத்தனை நாய்களுக்குச் செய்திருக்கிறீர்கள், மயக்கத்தைக் கவனிக்கத் தனியாக ஒருவர் இருப்பாரா என்று. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உறவினர்களின் பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் வீட்டின் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பது உங்கள் மூவரின் முடிவு. அதற்கு நீங்கள் யாரிடமும் நியாயம் சொல்லத் தேவையில்லை. அதேபோல், கையில் பணம் இல்லாத ஒருவர் அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தால் அவருக்கு நாயின்மேல் அன்பில்லை என்று ஆகிவிடாது. அந்த வழியையும் கீழே எழுதியிருக்கிறேன்.

ஆறு வயது என்பது மயக்க மருந்துக்குத் தடையில்லை. இரத்தச் சோதனைகளும் இதயமும் சீராக இருந்தால் ஜூலி அதைத் தாங்குவாள். அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் உணவை நிறுத்த வேண்டும் என்று மருத்துவமனை சொல்வதை அப்படியே கடைப்பிடியுங்கள்; பாவம் பசிக்குமே என்று நள்ளிரவில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போய்விடலாம். வீடு திரும்பும் முதல் இரவில் சிலவகை வலி மருந்துகளின் மயக்கத்தால் அவள் விடாமல் முனகலாம். அது பெரும்பாலும் விடிவதற்குள் தணிந்துவிடும். தணியாவிட்டால் மருத்துவமனையை அழைக்கத் தயங்காதீர்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த இரவு உங்களுக்கு அவ்வளவு கொடுமையாக இருக்காது.

இனி வீடு. ஜூலி இப்போது படுத்திருக்கும் கூடத்தின் தரை டைல்ஸா, மொசைக்கா என்று நீங்கள் எழுதவில்லை, எதுவானாலும் வழுக்கும். அவள் படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கும் வாசலுக்கும் போகும் வழி முழுவதும் அடியில் ரப்பர் பிடிப்புள்ள விரிப்புகளைப் போடுங்கள். கோரைப்பாய் கூடாது, அது நாயோடு சேர்ந்து சறுக்கும். பாதத்தின் திண்டுகளுக்கு இடையே வளர்ந்த மயிரையும் நகத்தையும் வெட்டிவிட்டால் பிடிப்பு கூடும். ஒரு அறையின் மூலையைப் பலகையோ வேலிக்கம்பிச் சட்டமோ வைத்துத் தடுத்து, அவள் எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அங்கே உணவு வைத்துப் பழக்குங்கள். அறுவைக்குப் பிறகு திடீரென்று அடைத்தால் அவள் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு கதவைப் பிறாண்டுவாள். மாடிப்படிக்கும் கொல்லைக்கும் போகும் வழிகளை மூடுங்கள். சோபா, கட்டில் இரண்டும் முற்றாகக் கூடாது.

முதல் இரண்டு வாரங்களில் அவள் வெளியே போவது சிறுநீர், மலம் கழிக்க மட்டும். அதுவும் கழுத்தில் வாரோடு. ஒரு நீளத் துண்டை அவள் அடிவயிற்றின் கீழ், பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே, கொடுத்து இரு முனைகளையும் மேலே சேர்த்துப் பிடித்தால் பின்பாரத்தில் ஒரு பங்கை நீங்கள் தாங்கலாம். நீங்களோ உங்கள் கணவரோ அவளைத் தூக்க முயலாதீர்கள். உங்கள் இடுப்பு பிடித்துக்கொண்டால் அவளைக் கவனிக்க ஆளில்லாமல் போகும். காரில் ஏற்றி இறக்க மகனோ வேறு ஒருவரோ வரட்டும், அல்லது சாய்த்து வைக்க ஒரு பலகை செய்துகொள்ளுங்கள். முதல் மூன்று நாட்கள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, புண் நனையாமல், தடவைக்குப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். புண்ணை நக்காதிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பைப் பரிதாபப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள். நீங்கள் அடுப்படிக்குப் போய்வரும் நேரத்துக்குள் ஒரு லாப்ரடார் தையலைப் பிரித்துவிடும். நக்கிய புண்ணில் சீழ் பிடித்து அது தகடு வரை போனால் தகட்டையே எடுக்க வேண்டிவரும். தையல் 10 முதல் 14 நாட்களில் பிரிக்கப்படும். அதற்குள் அவள் பாதத்தைத் தரையில் வைத்து நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை என்றாலும், நன்றாக ஊன்றிக்கொண்டிருந்தவள் திடீரென்று மறுபடி தூக்கினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்துதான் உங்களுக்குச் சோதனை. வலி குறைந்துவிடும், ஜூலி பழைய ஜூலியாகத் துள்ளுவாள், எலும்போ இன்னும் கூடியிருக்காது. அவள் ஓடத் துடிப்பதைப் பார்த்து, குணமாகிவிட்டாள் என்று கதவைத் திறப்பவர்கள்தான் மீண்டும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். வாருடன் ஐந்து நிமிட மெதுநடையில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். மெதுவாக நடந்தால்தான் நாய் நான்கு கால்களையும் ஊன்றும். வேகமாக நடந்தால் வலிக்கும் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடும். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் நடத்துங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்த பிறகே மருத்துவர் தளர்வு தருவார். அறுவைக்கு நாள் குறிக்கும்போது நாட்காட்டியைப் பாருங்கள்: இந்த வாரங்களுக்கு நடுவே தீபாவளி வருமானால் நாளை முன்னோ பின்னோ தள்ளுங்கள். வெடிச் சத்தத்துக்கு மிரண்ட நாயை எந்தத் தடுப்பும் நிறுத்தாது. அடைத்து வைத்த நாட்களில் அவள் சலிப்பைப் போக்க, அவளது அன்றாட உணவிலேயே ஒரு பங்கை முடிச்சுப் போட்ட பழந்துணிக்குள்ளும் அட்டைப் பெட்டிக்குள்ளும் ஒளித்து வைத்து மோப்பம் பிடித்து எடுக்கச் செய்யுங்கள். துணியையே விழுங்கிவிடாதபடி அருகில் இருங்கள். மூக்கால் செய்யும் வேலை நாயைக் களைப்படையச் செய்யும்.

எடையைப் பற்றிச் சொல்லும்போது நான் சற்றுக் கண்டிப்பாக இருக்க வேண்டும். பெண் லாப்ரடாருக்கு 25 முதல் 32 கிலோ வரை இருந்தால் போதும். ஜூலியின் ஒவ்வொரு அடியிலும் தேவையற்ற ஐந்தாறு கிலோ அந்த முட்டியில் இறங்குகிறது. நம் வீடுகளில் நாய் பெருப்பது தட்டில் வைக்கும் சோற்றால் மட்டுமில்லை. காலைக் காபியோடு இரண்டு பிஸ்கட், தோசையின் கடைசித் துண்டு, மாலையில் தயிர்சாதத்தின் மிச்சம் என்று ஆளுக்கொன்றாகக் கொடுப்பது யார் கணக்கிலும் வருவதில்லை. ஒரு வாரம், அவள் வாயில் போகும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் எழுதுங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டி அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு 300 முதல் 500 கிராம் வரை குறைந்தால் சரியான வேகம். வெறும் சோற்றைக் குறைத்து, தோல் நீக்கிய கோழி இறைச்சி, வேகவைத்த பூசணி, பீன்ஸ், கேரட் ஆகியவற்றைச் சேர்க்கலாம். வெங்காயமும் திராட்சையும் கூடாது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவம் முதல் இறுதிவரை கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. கால் பங்கு குறைவாக உண்ட நாய்கள் மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பிஸ்கட்டுக்காக ஜூலி உங்களைப் பார்க்கும் பார்வை எனக்கும் தெரியும். அந்தப் பார்வைக்குக் காது மடலைத் தடவிக்கொடுத்தால் போதும்.

எடைக் குறைப்பு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். ஒரு முட்டியில் இந்த ஜவ்வு அறுந்த நாய்களில் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரை, அடுத்த சில ஆண்டுகளில் மறு முட்டியிலும் அதே நிலையை அடைகின்றன. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மகன் செலவுக்குத் திட்டமிடும்போது இதையும் மனதில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் யோசித்தபின் அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தால், அப்போதும் ‘சும்மா விட்டுவிடுவது’ என்ற வழி இல்லை. அதே தடுப்பு, அதே விரிப்புகள், இரண்டு மூன்று மாத அடக்கமான மெதுநடை, நாய்களுக்கான வலி மருந்து, மீன் எண்ணெய், கண்டிப்பான எடைக் குறைப்பு ஆகிய அனைத்தும் வேண்டும். பருமனான 40 நாய்களை வைத்து 2013-இல் வெளியான ஒரு ஆய்வில், எடைக் குறைப்பும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் மருந்தும், அறுவை செய்த குழு, செய்யாத குழு ஆகிய இரண்டுக்கும் தரப்பட்டன. ஓராண்டு முடிவில் அறுவை செய்யாத குழுவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாய்கள் நல்ல நிலையை எட்டியிருந்தன. அறுவை செய்த குழுவில் அது நான்கில் மூன்று பங்கு. 1984-ஆம் ஆண்டின் கணக்கைவிட இது நம்பிக்கை தருவது, அந்த வேறுபாட்டில் எடைக்கும் பயிற்சிக்கும் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆயினும் அந்த வழியில் தேய்மானம் கூடுதலாக வரும். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தால் வலி நீடிக்கும். இரண்டு மாதம் உண்மையாக முயன்றும் ஜூலி காலை முழுவதுமாக ஊன்றவில்லை என்றால் அறுவையைப் பற்றி மீண்டும் பேச வேண்டும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியவை சிலவே. ஜூலி மெதுவாக நடப்பதைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும், பிறகு அவள் உட்காருவதையும், கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். மருத்துவமனையில் பதற்றத்தில் நாய்கள் நொண்டாமல் நடந்துவிடும், வீட்டுக் காணொளி அங்கே பேருதவி. எக்ஸ்ரேயும் இரத்தச் சோதனைகளும் முடிந்ததும் படங்களின் பிரதிகளை வாங்கிக்கொண்டு, மகனையும் உங்கள் கணவரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். எட்டுப் பத்து வாரமும் பகலில் யார், இரவில் யார் என்பதை அந்தப் பேச்சிலேயே முடிவு செய்துவிடுங்கள். இன்றிரவு முதல் அவளைப் படியேற விடாதீர்கள். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவள் படுக்கையைக் கீழே உங்கள் அறையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், இரவில் அவள் எழுந்து நடக்க முயன்றால் உங்களுக்கு உடனே தெரியும், உங்கள் குரல் அருகில் இருந்தால் அவளும் அமைதியாகப் படுத்திருப்பாள்.